அழித்த பெயரில் வந்த பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, ஏனென்றால் இதையே வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் உங்களைவிடச் சத்தமாக நான் சிரித்திருப்பேன். பேய், முனி, செய்வினை, இதெல்லாம் என் காதில் ஏறாது. ஹட்டனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், மற்ற நாட்களில் கடவுளையும் தொந்தரவு செய்வதில்லை, பேயையும் தொந்தரவு செய்வதில்லை. ஒருமுறை பக்கத்துக் கடைப் பெண் "ஜெசி அக்கா, மூணாம் நம்பர் மலையில வெள்ளையா ஒண்ணு நிக்குதாம்" என்று மூச்சு வாங்க ஓடி வந்தாள். "உர மூட்டைய யாராச்சும் மறந்துட்டுப் போயிருப்பாங்க, போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, அமெச்சூர் ரேடியோ. பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்து, கூரையில் ஏரியல் கட்டி, உலகத்தில் எங்கேயோ இருக்கிற இன்னொரு கிறுக்கனோடு பேசுவது. எங்கள் மலைப் பக்கத்தில் இப்படி ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறோம். பெரிய மழை வந்தால் போன் கோபுரங்கள்தான் முதலில் படுக்கும் என்பதால், ரேடியோவிலேயே ஓடுகிற ஒரு நெட்வொர்க்கை நாங்களே கட்டினோம். மலை உச்சியில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் என்று அங்கங்கே ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். உள்ளே ரேடியோவும் பாட்டரியும், மேலே சோலார் பலகை, பக்கத்தில் மழை அளக்கிற குழாய். எங்கே எவ்வளவு பெய்கிறது என்று பெட்டி சொல்லிக்கொண்டே இருக்கும், மண் இளகுகிற அளவுக்குப் பெய்தால் லயத்து ஆட்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்களை, முன்கூட்டியே நகர்த்திவிடலாம். விளையாட்டுக்குக் கட்டியது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு, ஒரு பெயரும் உண்டு. பெயரைச் சொன்னால் எண் கிடைப்பது ஒரு பக்கம். எண்ணைக் கொடுத்து "இது யார்?" என்று கேட்டால் பெயர் கிடைப்பது மறுபக்கம். போனில் வெறும் நம்பர் விழுவதற்கும் ஆளின் பெயர் விழுவதற்கும் உள்ள வித்தியாசம்தான், வேறு பெரிய மாயம் இல்லை. எல்லோரும் முதல் பக்கத்தை ஒழுங்காக வைப்பார்கள், மறுபக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அதனால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பெட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆளின் பெயர், அதோடு பெட்டி இருக்கிற இடத்தின் பெயர், இரண்டையும் ஆங்கில எழுத்தில் சேர்த்து அந்த எண்ணுக்கு எதிரே எழுதிவைப்பேன். கேட்டால் பதில் சொல்வது என் கடையில் இருக்கிற ஒரு கணினி. அதன் பிரதி நுவரெலியாவில் நிஹாலின் வீட்டுக் கணினியில் இருக்கும். நிஹால் எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி, சிங்களவர், நல்ல மனிதர், என் வாய்க்குப் பயந்தவர். கடவுச்சொல் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யோகன் லிந்துலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோரில் எலக்ட்ரீசியனாக இருந்தான். லைசன்ஸ் பரீட்சையில் முதல் தடவை கோட்டை விட்டு இரண்டாம் தடவை எடுத்தவன், ஆனால் கை சுத்தம், அவன் கட்டின பெட்டிக்குள் ஒரு கம்பி கோணலாகப் போகாது. என்னை "பேரு வைக்கிற அக்கா" என்றுதான் கேலி செய்வான். "எங்க வீட்டுல அடுத்த புள்ளைக்கும் நீங்களே பேரு வச்சுருங்க அக்கா, அப்பத்தான் திருப்பிக் கேட்டாலும் சரியா வரும்" என்பான். அவன் மனைவி லதா கொழுந்து எடுக்கிறவள், ரேடியோவைக் கண்டாலே ஆகாது, "வீட்டுல பேசாத மனுசன் காத்தோட பேசுறாரு" என்பாள். அவன் பெட்டி லயத்துக்கு மேலே மலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் அதற்கு நான் வைத்த பெயர் யோகன், தொட்டி.

அந்த மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, நீங்களும் நனைந்திருப்பீர்கள். யோகனின் பெட்டி கொடுத்த கணக்கை வைத்துத்தான் அந்த லயத்துச் சனங்களை முதல் நாளே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை பெட்டி சரியாகப் பேசவில்லை. "பெட்டியப் பாத்துட்டு வாரேன்" என்று லதாவிடம் சொல்லிவிட்டு, போன் நனைந்துவிடும் என்று அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான் யோகன். மத்தியானத்துக்கு முன் மலை இறங்கிவிட்டது. தொட்டி, பாதை, லயத்தின் மேல் வரிசைக் காம்பரா வீடுகள் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன. சனங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. யோகன் மட்டும் வரவில்லை.

தொட்டி இருந்த இடத்தைச் சுற்றித்தான் தோண்டினார்கள், அவன் அங்கேதானே போனான். அன்று முழுக்கத் தோண்டினார்கள், மறுநாளும் தோண்டினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. மேலே மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் மீட்புக்கு வந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள், வேறு இடங்களில் உயிரோடு இருக்கிறவர்களைப் பார்க்கவேண்டும், இருட்டுவதற்குள் இங்கே முடித்துக்கொள்ளலாம் என்று. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் ஹட்டனில் கடையில் இருந்தேன், பாதி ஷட்டரைப் போட்டுக்கொண்டு, மற்றப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் லதா கூப்பிட்டாள். அவள் அழவில்லை.

"அக்கா, இவரு போனுக்கு ஒங்க மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. யோகன் தொட்டி, பதில் இல்ல. யோகன் தொட்டி, பதில் இல்ல. அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லுது. நிப்பாட்டுங்க அக்கா. எனக்குப் பாக்க முடியல."

அது எங்கள் நெட்வொர்க்கில் ஓடுகிற ஒரு சின்ன நிரல். எல்லா எண்களையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகும், பதில் வராத எண்ணின் பெயரைத் தேடி எடுத்து எங்கள் எல்லோருடைய போனுக்கும் அனுப்பும். யோகனின் போன் அவள் கையில் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நிரலை நிறுத்தினால் மற்ற மலைகளின் எச்சரிக்கையும் நின்றுவிடும், அந்த மழையில் அதைச் செய்ய முடியாது. ஆனால் பெயர் இல்லாத எண்ணை அது கேட்காது, தாண்டிப் போய்விடும். ஆகவே பெயரை எடுத்துவிட்டால் போதும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால் லைசன்ஸோடு அவருக்குக் கிடைத்த அழைப்புக் குறியை ரேடியோவில் மூன்று தடவை கூப்பிடுவோம், கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்போம், பதில் வராததை எல்லோரும் கேட்பார்கள், அதற்குப் பிறகுதான் அவருடைய பெயரை எடுப்பேன். கூப்பிடாமல் யாருடைய பெயரையும் நான் எடுத்ததில்லை. அன்றைக்கு யோகனைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை, கூப்பிட்டால் அவன் செத்துவிட்டான் என்று நானே சொல்லுகிற மாதிரி இருக்கும். அதனால் கூப்பிடாமலே எடுத்தேன். பெயரில் இருந்து எண்ணுக்குப் போகிற வரியையும் எடுத்தேன், எண்ணில் இருந்து பெயருக்கு வருகிற வரியையும் எடுத்தேன். எடுத்த பிறகு எண்ணைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன். பெயர் இல்லை என்று வந்தது. சரி என்று மேசையில் தலையை வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று தெரியாது, மழை இருட்டில் மத்தியானமா சாயங்காலமா என்றே தெரியவில்லை. போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். யோகன், மடுவம், பதில் வந்தது என்று இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். எவனோ உள்ளே புகுந்து விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். தொட்டி என்ற பழைய பெயர் வந்திருந்தாலாவது, பழைய பதில் எங்கேயோ கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், அப்படி நடப்பதுண்டு, விட்டிருப்பேன். இது மடுவம். கொழுந்து நிறுக்கிற கொட்டகையை நாங்கள் மடுவம் என்போம், அப்படி ஒரு பெயரை நான் எந்தப் பெட்டிக்கும் வைத்ததே இல்லை. கோப்பைத் திறந்தேன். அந்த எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை, நான் எடுத்தபடியே இருந்தது. வெளியே வந்து எண்ணைக் கொடுத்துக் கேட்டேன். யோகன், மடுவம். மடிக்கணினியில் இருந்து கேட்டேன். அதேதான்.

பதில் சொல்கிற கணினியை வயரோடு பிடுங்கிப் போட்டேன். இப்போது கேட்டால் நிஹாலின் பிரதியைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல முடியாது. கேட்டேன். யோகன், மடுவம் என்று வந்தது. சரி, கள்ளன் அங்கேதான் இருக்கிறான் என்று நிஹாலைக் கூப்பிட்டு, சிங்களத்தில் எனக்குத் தெரிந்த எல்லா மரியாதையையும் விட்டுவிட்டுக் கேட்டேன், உங்கள் கணினியில் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், காலையில் இருந்து தன் வீட்டில் கரண்ட் இல்லையாம், கணினி நின்றுபோய் எவ்வளவோ நேரமாகிறதாம், மெழுகுதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாராம்.

அந்த எண்ணுக்குப் பெயர் சொல்லக்கூடிய இரண்டு கணினிகளும் செத்துக் கிடக்கின்றன, என் முன்னால் பெயர் வந்துகொண்டிருக்கிறது. பெயரை விட்டுவிட்டு எண்ணையே நேராகத் தட்டிப் பார்த்தேன், இருக்கிறாயா என்று கேட்பது மாதிரி. இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிவரியாகப் பதில் வந்தது. இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசாத பெட்டி.

அதற்குள் லதா கூப்பிட்டாள். அவளுக்கும் மெசேஜ் போயிருக்கிறது, போகாமல் இருக்குமா.

"அக்கா, பதில் வந்துருச்சுன்னு வந்திருக்கு. மடுவம்னு போட்டிருக்கு. நீங்களா போட்டீங்க?"

"நான் போடல லதா."

"அப்ப யாரு?"

"தெரியல. ஒங்க மடுவம் எங்க இருக்கு?"

"ரோட்டோரம். அதுக்கு ஒண்ணும் ஆகல அக்கா, அங்கதான் தோண்டுறவங்க லொறிய நிப்பாட்டியிருக்காங்க." பிறகு தானாகவே சொன்னாள். "பழைய மடுவம் ஒண்ணு இருக்கு. கீழ, ஆத்தோரமா ரோட்டுக்குப் போற குறுக்கு வழியில. யாரும் பொழங்குறதில்ல. அது மேலயும் மண்ணு வந்திருக்கு. அங்க இவரு ஏன் போகப் போறாரு?"

யோசித்துப் பாருங்கள். அவன் இல்லை என்று அவள் மனதை ஒருவழியாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் அது மறுபடி அவிழ்ந்துவிடும். தோண்டுகிற பையன்கள் நகர்கிற மண்ணுக்குக் கீழே போய் நிற்கவேண்டும், அதில் ஒருவனுக்கு ஏதாவது ஆனால் அதுவும் என் தலையில்தான். சொல்லாமல் விட்டால், அவன் அங்கே உயிரோடு கிடந்தால்? லொறி கிளம்பிவிடும், அவ்வளவுதான்.

"தோண்டுற ஆளுங்களோட அதிகாரிகிட்ட போனக் குடு" என்றேன்.

அவள் சேற்றில் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் வந்தார், களைத்துப்போன குரல். பெட்டி பதில் சொல்கிறது, பழைய மடுவத்தில் இருந்து சொல்கிறது, பெட்டியைப் பார்க்கப் போனவன் பெட்டியோடுதான் இருப்பான் என்று சிங்களத்தில் சொன்னேன். "ஷுவர்த மிஸ்?" என்றார், நிச்சயம்தானா என்று. இரண்டு கணினிகளும் செத்த கதையை அவரிடம் சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பார். நிச்சயம் என்று சொன்னேன். மெஷின் சொன்னது என்றால் மனிதர்கள் நம்புகிறார்கள், என்னவோ. அவர் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார், போன் கட்டாகிவிட்டது.

பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த வரிகளைத்தான். இருக்கிறேன், இருக்கிறேன் என்று வந்துகொண்டே இருந்தது. செபமாலையை எடுத்தேன், விரல் முதல் மணியைத் தாண்டவில்லை, கண் திரையிலேயே இருந்தது. வெளியே பஸ் இல்லை, ஆள் இல்லை, மழை மட்டும் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று வரி நின்றது. பதில் இல்லை. மறுபடி கேட்டேன், பதில் இல்லை. பெயரைக் கேட்டேன், அதுவும் இல்லை. போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கம் என்ன, அழுதேன்.

போன் அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"எடுத்துட்டாங்க அக்கா. உசுரு இருக்கு. அக்கா, கேக்குதா? உசுரு இருக்கு. கைய வெளிய இழுத்தவொடன என் பேரத்தான் சொன்னாரு." அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். பழைய மடுவத்தின் கூரைத் தகரம் வளைந்து ஒரு மூலையில் கூண்டு மாதிரி நின்றிருக்கிறது, அதற்குள் கால் முறிந்து கிடந்திருக்கிறான்.

ரோடு திறந்ததும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்தான், முகம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது, ஆனால் அதே சிரிப்பு. லதா பக்கத்தில் நின்று அவனுக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அக்கா, பெட்டி கெடச்சுச்சா?"

"எந்தப் பெட்டி? ஒன்னோடயே பொதைஞ்சு கெடக்கும்ல."

"இல்லையே. அன்னிக்குக் காலையிலயே கழட்டிட்டேன். உள்ள தண்ணி போயிருந்துச்சு, பாட்டரி வயர வெட்டி, சாக்குல சுத்தி, ஹட்டன் பஸ்ஸுல குடுத்து விட்டுட்டேனே. ரோட்டுல இருந்து திரும்பி வாரப்ப குறுக்கு வழியில வந்தேன், மழ அடிச்சு ஊத்துச்சு, சரி கொஞ்ச நேரம் ஒதுங்குவோம்னு பழைய மடுவத்துக்குள்ள போனேன். அப்பத்தான் வந்துச்சு."

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் பொருள் கொடுத்து அனுப்புவது வழக்கம்தான், ஹட்டனில் எனக்கு வருவதை ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் இறக்கிவிட்டுப் போவார்கள். அந்த பேக்கரி மழை தொடங்கிய அன்றே முன்கதவைச் சாத்திவிட்டது, எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கவே இல்லை.

அவன் சிரித்துக்கொண்டே பேசினான். "நீங்க மட்டும் இல்லாட்டி நான் தூங்கியிருப்பேன் அக்கா, அவ்வளவுதான், எந்திரிச்சிருக்கவே மாட்டேன்."

"நான் என்ன செஞ்சேன்? இவங்க தோண்டுனாங்க."

"அதுக்கு முன்ன. மொதல்ல ஒண்ணுமே கேக்கல, தகரத்து மேல மழ சத்தம் மட்டும்தான். தூக்கம் தூக்கமா வந்துச்சு. அப்பத்தான் நீங்க கேக்க ஆரம்பிச்சீங்க."

"என்ன கேட்டேன்?"

"ஒன் பேரு என்னன்னு. சொன்னேன். திரும்பவும் ஒன் பேரு என்ன. சொன்னேன். திரும்பவும். எத்தன தடவதான் சொல்றது, கோவம் வந்து உங்கள ஏசிட்டேன்கூட, மன்னிச்சுக்கங்க. கண்ண மூட விட்டாத்தானே. கடைசியா எங்க இருக்கன்னு கேட்டீங்க, மடுவத்துலன்னு சொன்னேன். அதோட விட்டுட்டீங்க."

லதாவின் கை நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவன் பெயரை எப்போது எடுத்தேன் என்பது அவளுக்குத் தெரியும், அவள் சொல்லித்தானே எடுத்தேன்.

"நான் ஒண்ணும் கேக்கல யோகன், நான் ஹட்டன்ல இருந்தேன்" என்றேன்.

"ஒங்க குரல் எனக்குத் தெரியாதா அக்கா" என்று சொல்லிவிட்டு வெந்நீரை வாங்கிக் குடித்தான். அவனுக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

நேரே ஹட்டனுக்கு வந்து பேக்கரிக்காரரின் வீட்டைத் தட்டிக் கதவைத் திறக்க வைத்தேன். பின்பக்கம், மாவு மூட்டைகளுக்கு இடையில், சாக்கில் சுற்றி, என் பெயர் எழுதிக் கிடந்தது. அவர் முன்னாலேயே பிரித்தேன். யோகனின் பெட்டிதான். வெட்டின வயர் முனைகளில் டேப் சுற்றியிருந்தான், அவன் கை சுத்தம் என்று சொன்னேனே. கவிழ்த்தால் தண்ணீர் கொட்டியது. ரேடியோப் பலகையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன், பேக்கரிக்காரர் என்னமோ ஏதோ என்று சோடா உடைத்துக் கொடுத்தார். இந்தப் பெட்டி இங்கே கிடந்தால், அன்றைக்கு இருக்கிறேன் இருக்கிறேன் என்று எனக்குச் சொன்னது எது? சொல்லுங்கள், உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள், எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

கால் சரியானதும் யோகன் புதிய பெட்டி கட்டினான், ஸ்டோர் கூரையில் வைத்தோம், பழைய எண்ணையே கொடுத்தேன். பெயரை எழுதிவிட்டு வழக்கம்போல எண்ணைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. உடனே போன் அடித்தது. யோகன். "அக்கா, கூப்பிட்டீங்களா?" இல்லையே என்றேன், சரி என்று வைத்துவிட்டான். இன்னொரு நாளும் அப்படியே நடந்தது. நான் சும்மா விடுகிற ஆள் இல்லை, சோதித்தேன். மற்ற எண்களை எல்லாம் கேட்டேன், ஒன்றும் இல்லை. அவன் எண்ணைக் கேட்டேன், போன் அடித்தது. நிரல் தானாகக் கேட்டால் ஒன்றும் இல்லை, நான் என் கையால் கேட்டால்தான். நிஹால் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார், ஒரு நாள் கடைக்கு வரச் சொல்லி அவர் முன்னாலேயே கேட்டுக் காட்டினேன். போன் அடித்தது. அந்த மனுசன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் போனார்.

இப்போது யோகன் கட்டாரில் இருக்கிறான். உயரமான கட்டடங்களில் வயர் வேலை, நல்ல சம்பளம், லதா வீடு கட்ட அத்திவாரம் போட்டுவிட்டாள். ஸ்டோர்ப் பெட்டியை வேறொருவர் வேறு எண்ணில் பார்த்துக்கொள்கிறார். எங்கள் முறைப்படி போனவனின் பெயரை எடுத்து எண்ணைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம், சீச்சீ, என்ன இது, படித்தவள் மாதிரியா நடக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெயரை எடுக்குமுன் எண்ணை ஒருதடவை கேட்டுச் சரிபார்ப்பது என் பழக்கம், கை தானாகக் கேட்டுவிட்டது.

போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"அக்கா, கூப்பிட்டீங்களா?" பின்னால் காற்றுச் சத்தம். "மேல நிக்கிறேன் அக்கா, கட்டடத்துச் சாரத்துல. என்ன விசயம்?"

"ஒண்ணும் இல்ல யோகன். நீ பத்திரமா எறங்கு, அப்புறம் பேசலாம்."

"சரி. ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நேத்து மத்தியானம் எதுக்கு அக்கா அத்தன தடவ கேட்டீங்க? பேரு என்ன, பேரு என்னன்னு. அப்புறம் எங்க இருக்கன்னும் கேட்டீங்க. வேலையா இருந்தேன், நான் பதில் சொல்லல. சொல்லணுமா?"

முந்தைய நாள் நான் கடையைத் திறக்கவே இல்லை, நோர்வூட்டில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன், கணினிப் பக்கமே போகவில்லை. அன்றைக்கு மண்ணுக்குள் பதில் சொன்னதால்தான் அவன் பிழைத்தான். இப்போது கேட்பது அதே ஆள்தானா என்று எனக்குத் தெரியாது. சொல்லு என்பதா, சொல்லாதே என்பதா? அவன் அங்கே அவ்வளவு உயரத்தில், காற்றில், போனைக் காதில் வைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

முதலில் இறங்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்தப் பெயரை இன்னும் எடுக்கவில்லை.